நாமும் நாங்களும்: மக்கள் பிரதிநிதிகளின் இனவெறிப் பேச்சும் அதற்கான மறுமொழிகளும்

1. முன்னுரை

மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் ஓர் இனத்தாரை இழித்துப் பேசும்போது, அப்பேச்சு தெருவில் எழும் வசையினின்றும் வேறுபட்டதாகிறது. தெருவில் கூறப்படும் இழிசொல் கேட்டவரைப் புண்படுத்துகிறது. அவையிலோ தேர்தல் மேடையிலோ கூறப்படும் இழிசொல் ஒரு தொகுதியின் பெயரால், ஒரு கட்சியின் பெயரால், சில வேளைகளில் ஒரு நாட்டின் பெயரால் கூறப்படுகிறது. எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கென ஐக்கிய நாடுகள் அவை 1965இல் ஏற்ற உடன்படிக்கை, அதன் 4ஆம் உறுப்பில், பொது அதிகாரம் உடையோர் இனப்பாகுபாட்டை வளர்ப்பதையோ தூண்டுவதையோ அரசுகள் அனுமதித்தல் ஆகாது எனத் தனியே விதந்து கூறுவதற்கு இவ்வேறுபாடே காரணமாகும். இந்தியா அவ்வுடன்படிக்கையை 1968இல் ஏற்றது.

இத்தகைய பேச்சை எதிர்கொள்ளும் முறை பற்றிச் சட்டவியலாரும் அரசியலாரும் மிகுதியாக எழுதியுள்ளனர். ஆயின் எதிர்கொள்ளுதல் என்பதும் ஒரு பேச்சுச்செயலே. மறுத்துரைப்பவர் எச்சொல்லைத் தேர்ந்தார், எதைச் சுட்டினார், எதைச் சுட்டாது விட்டார் என்பன மொழியியல் ஆய்வுக்கு உரியவை. ஒரு மொழியில் நிகழ்ந்த இழிவுரை மற்றொரு மொழியினரை மொழிபெயர்ப்பு வழியாகவே அடைகிறது. ஆதலால் மொழிபெயர்ப்பாளரும் இவ்வெதிர்கொள்ளலில் ஒரு தரப்பினர் ஆகின்றனர். 1964 முதல் 2023 வரை பிரித்தன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா, இந்தியா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டு அம்மறுமொழிகளின் வன்மை மென்மைகளை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது.

2. மரபிலக்கணம் தரும் கருவிகள்

இவ்வாய்வுக்குத் தேவையான கருவிகள் சில தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளன. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. அவையில் கூறத்தகாத சொல்லை மறைத்துப் பிறிதொரு சொல்லால் கூறுவது இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு வழங்கும் சொல் குழூஉக்குறி. இவற்றுடன், தன்மைப் பன்மையில் கேட்போரைச் சேர்த்துக் கூறுவதையும் விலக்கிக் கூறுவதையும் வேறுபடுத்தும் உளப்பாடு என்னும் கருத்தும் இங்குப் பயன்படும். இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரு சொற்களால் உணர்த்தப்படுகிறது.

இம்மூன்றும் இனவெறிப் பேச்சு இயங்கும் மூன்று தளங்களுடன் ஒத்துச் செல்கின்றன. அப்பேச்சு சில வேளை வெளிப்படையான இழிசொல்லில் இயங்குகிறது. சில வேளை தம்மவர்க்கு மட்டும் புரியும் குறிப்பில் இயங்குகிறது. பெரும்பாலும், எவரும் கவனியாத ஒரு மூவிடப்பெயரில் இயங்குகிறது. முதல் தளமே மிகுந்த கவனத்தைப் பெறுகிறது. மூன்றாம் தளமே மிகுந்த தீங்கு செய்கிறது.

3. இடக்கரடக்கலின் எல்லை

2018ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் குடியேற்றம் பற்றிச் சட்டமன்ற உறுப்பினர்களுடன் நடத்திய கலந்துரையாடலில் எய்ட்டி, எல் சால்வடார், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றை மலத்தொடர்பான ஒரு கூட்டுச்சொல்லால் குறித்தார் எனச் செய்தி வெளியாயிற்று. அக்கூட்டத்தில் இருந்த மேலவை உறுப்பினர் டிக் டர்பின் அதனை உறுதிப்படுத்தினார். டிரம்ப் தாம் பயன்படுத்திய சொல் அதுவன்று என அந்நாளில் மறுத்தார். ஐக்கிய நாடுகள் அவையிலுள்ள ஆப்பிரிக்க நாட்டுத் தூதர்கள் அக்கூற்றைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்குமாறு கோரினர்.

உலக மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது ஒரு தேர்வாக அமைந்தது. பிரெஞ்சு இதழ்கள் தம் மொழியில் நேரிணையான மலச்சொல்லையே வழங்கின. தைவானின் மையச் செய்தி நிறுவனம் ‘பறவைகள் முட்டையிடாத நாடுகள்’ எனப் பொருள்படும் சீன மரபுத்தொடரை வழங்கியது. வளமற்ற, எவரும் நாடாத இடத்தைக் குறிக்கும் அத்தொடரில் இடக்கரடக்கல் செவ்வனே நிறைவேறியுள்ளது. ஆனால் இழிவு நீங்கிவிட்டது. மலச்சொல் அருவருப்பை உணர்த்துகிறது. தரிசு நிலத்தின் உருவகம் இரக்கத்தைக்கூடத் தோற்றுவிக்கலாம். படிப்பவர்க்கு அந்நாடுகள் வறியவை என்னும் செய்தி கிட்டுகிறது. அந்நாட்டு மக்கள் அருவருக்கத்தக்கவராகக் கருதப்பட்டனர் என்னும் செய்தி கிட்டுவதில்லை.

எனினும் நேரிணைச் சொல்லை வழங்குவது மட்டும் போதுமானதாகாது. அந்நிகழ்வைத் தொடர்ந்து அமெரிக்காவில் எழுந்த விவாதத்தின் ஒரு பகுதி, கூட்டுச்சொல்லின் பின்னுறுப்பு ‘குழி’யா ‘வீடு’ எனப் பொருள்படும் சொல்லா என்பதில் செலவாயிற்று. சொல்லின் அவையல் தன்மை எவ்வளவுக்குப் பேசப்பட்டதோ அவ்வளவுக்கு, அச்சொல் நின்ற வாக்கியம் செய்த வேலை மறைந்தது. ஒரு மனிதன் பிறந்த நாடே அவன் தகுதியை அளக்கும் கோல் என்பது அவ்வாக்கியத்தின் உட்கிடை. மலச்சொல்லை அகற்றி அவ்விடத்தில் ‘பின்தங்கிய நாடுகள்’ என நயமான தொடரை இட்டாலும் அவ்வுட்கிடை மாறாது. அவையல் சொல்லைக் கண்டிப்பவர் இனவெறியைக் கண்டித்துவிட்டதாகக் கருதும் மயக்கம் இங்குதான் தோன்றுகிறது.

4. குழூஉக்குறியும் இரவல் குரலும்

நயமான நடையிலும் இனவெறி இயங்கும் என்பதற்கு ஈனாக் பவல் 1968 ஏப்ரல் 20ஆம் நாள் பர்மிங்காமில் ஆற்றிய உரை தக்க சான்றாகும். உல்வர்ஆம்டன் தென்மேற்குத் தொகுதியின் உறுப்பினரான பவல், இருபத்தைந்தாம் அகவையிலேயே சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஆனவர். அவ்வுரை வரவிருந்த இன உறவுகள் சட்ட முன்வரைவை எதிர்த்து நிகழ்த்தப்பட்டது. மறுநாளே கட்சித் தலைவர் எட்வர்டு ஈத் அவரை எதிர்க்கட்சி நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். ‘தி டைம்ஸ்’ இதழ் அதனைத் தீய உரை எனத் தலையங்கம் எழுதியது. ஆயினும் சில நாள்களில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றம் நோக்கி ஊர்வலம் சென்றனர்.

அவ்வுரையின் அமைப்பில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, மிகக் கடுமையான கூற்றுகள் எவையும் பவலின் சொந்தக் கூற்றுகளாக அமையவில்லை. கறுப்பர் வெள்ளையர்மீது சாட்டை ஓங்கும் காலம் வரும் என்பது தொகுதிவாழ் மனிதர் ஒருவரின் கூற்றாக வருகிறது. கறுப்பினக் குழந்தைகளைக் குறிக்கும் இழிசொல் ஒரு கடிதத்தின் வாசகமாக வருகிறது. எடுத்துரைக்கும் தாம் அதனைச் சொல்லாமல் விடுவதற்கு உரிமையற்றவர் என்பதே பவலின் நிலை. தமிழில் ‘என்று’ என்னும் இடைச்சொல் இவ்விரவல் குரலைத் தாங்க வல்லது. ஆயின் சுருக்க மொழிபெயர்ப்புகளில் முதலில் உதிர்வது இவ்விடைச்சொல்லே. அது உதிர்ந்தால் கூற்று பவலுடையதாகி விடுகிறது. அவ்வாறு மொழிபெயர்த்தவர் கடுமையாக மொழிபெயர்த்ததாகக் கருதலாம். உண்மையில் அவர் பேசியவருக்குத் தப்பும் வழியை அமைத்துத் தருகிறார். ‘நான் அவ்வாறு கூறவில்லை’ என்னும் மறுப்பு அப்போது மெய்யாகிவிடும். இரவல் குரலை அப்படியே காட்டி, அக்குரலைத் தேர்ந்து மேடையேற்றிய செயலுக்குப் பேசியவரைப் பொறுப்பாக்குவதே வலிய மறுமொழியாகும்.

இரண்டாவது கூறு உரையின் முடிவில் வரும் வர்சிலின் காவியக் குறிப்பு. அவ்வுரைக்குப் பிறர் சூட்டிய ‘இரத்த ஆறுகள்’ என்னும் பெயர் உரையில் எங்கும் இல்லை. குருதியால் நுரைக்கும் தைபர் ஆற்றைக் காணும் உரோமானியன்போலத் தாமும் அச்சம் கொள்வதாகவே பவல் கூறினார். மூல நூலின் ஆறாம் காண்டத்தில் அக்காட்சியைக் கூறுபவள் கியூமே நகரத்துக் குறிசொல்லி, கேட்பவன் இனீயசு. துரோய் நகரம் எரிந்தபின் கடல்கடந்து அயல்நாடு வந்து சேர்ந்த அகதி அவன். அவன் வழிவந்தோரே உரோமைத் தோற்றுவித்தனர் என்பது அக்காவியத்தின் துணிபு. குடியேறியவனிடம், அவன் மரபே பேரரசாகப் போகும் வரலாற்றின் தொடக்கத்தில் கூறப்பட்ட சொல்லைக் குடியேற்றத்துக்கு எதிரான எச்சரிக்கையாகப் பவல் மாற்றினார். செம்மொழிக் குறிப்பு இங்குப் பொருளைவிடத் தகுதியையே தருகிறது. வசையைக் கற்றோர் மொழியாக்குகிறது. அக்குறிப்பின் மூலத்தை எடுத்துக்காட்டி மறுப்பது மொழியறிஞர்க்கே இயலும் பணியாகும்.

மொழிபெயர்ப்பால் வந்த குழூஉக்குறியும் உண்டு. 2018 ஆகஸ்டு 14ஆம் நாள் ஆஸ்திரேலிய மேலவையில் ஃபிரேசர் ஆனிங் தம் முதலுரையில் குடியேற்றச் சிக்கலுக்கு ‘இறுதித் தீர்வு’ பொதுவாக்கெடுப்பே என்றார். யூதரை அழித்தொழிக்கும் திட்டத்துக்கு நாட்சிகள் இட்ட செருமன் பெயரின் ஆங்கில வடிவம் அத்தொடர். அதனை அறியாது வழங்கியதாக அவர் விளக்கமளித்தார். மறுநாள் அவையினர் கண்டனம் தெரிவித்தனர். தமிழ்ச் செய்தியில் ‘முடிவான தீர்வு’ என எழுதப்படின் அக்கண்டனத்தின் காரணமே விளங்காது போகும். வரலாறு ஏறிய தொடர்களுக்குத் தமிழில் நிலைத்த வடிவம் ஒன்றைப் பேணுவதன் தேவையை இது காட்டுகிறது.

5. தன்மைப் பன்மையின் அரசியல்

2017 மார்ச்சில் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டனர். அடுத்த மாதம் ஒரு பன்னாட்டுத் தொலைக்காட்சி விவாதத்தில், மாநிலங்களவை முன்னாள் உறுப்பினர் தருண் விஜய் இந்தியர் இனவெறியர் அல்லர் என நிறுவ முற்பட்டார். அவ்வாறெனின் தமிழர், மலையாளியர், கன்னடர், ஆந்திரர் உள்ளிட்ட தென்னவருடன் தாம் ஏன் வாழவேண்டும் என வினவி, தம்மைச் சுற்றிலும் கறுப்பு மக்கள் இருப்பதாகவும் கூறினார். திருக்குறளைப் போற்றி வடநாட்டில் பரப்பியவர் என அறியப்பட்டவரே இவ்வாறு பேசியமை பலரை வியப்பில் ஆழ்த்தியது. பின்னர் அவர் மன்னிப்புக் கோரினார்.

இக்கூற்றில் இழிசொல் என ஒன்றும் இல்லை. ‘கறுப்பு’ என்பது நிறப்பெயர் மட்டுமே. தீங்கு முழுவதும் ஆங்கிலத் தன்மைப் பன்மையில் அமைந்துள்ளது. அதனைத் தமிழில் பெயர்ப்பவர் ‘நாம்’ என்பதா ‘நாங்கள்’ என்பதா என்னும் தேர்வைத் தவிர்க்க இயலாது. ‘நாம் தென்னவருடன் வாழ்கிறோம்’ என்பது தென்னிந்தியக் கேட்போரை முன்வைத்துக் கூறும்போது பொருந்தாத வாக்கியம். கேட்போர் ‘நாம்’ என்பதனுள் அடங்குவர் எனின், அவர்கள் தம்முடன் தாமே வாழ்வதாகப் பொருள்படும். எனவே இலக்கணமே ‘நாங்கள்’ என்னும் வடிவை வேண்டுகிறது. அவ்வடிவம் வந்தவுடன், தென்னவரை விலக்கிய ஓர் ‘இந்தியர்’ குழு அக்கூற்றின் எழுவாயாக இருந்தமை வெளிப்படுகிறது. ஆங்கிலமும் இந்தியும் மறைக்க வல்ல ஒன்றைத் தமிழ் மறைக்க இடந்தருவதில்லை. அக்காலத்தில் ப. சிதம்பரம் தொடுத்த மறுவினாவும் அக்கூற்றிலுள்ள ‘நாங்கள்’ யார் என்பதாகவே அமைந்தது. இனவெறியர் என்னும் பெயர் சூட்டாமல், எழுவாயைக் கேட்டதனால் அம்மறுமொழி கூர்மை பெற்றது.

முன்னிலையும் ஏவலும் இவ்வாறே இயங்கும். 2019 சூலை 14ஆம் நாள் டிரம்ப், கீழவையின் பெண் உறுப்பினர் சிலர் தாம் வந்த நாடுகளுக்கே திரும்பிச் செல்லலாமே என எழுதினார். அலெக்சாண்டிரியா ஒகாசியோ கோர்டெஸ், இல்ஆன் ஓமர், இரசீதா திலைப், அயன்னா பிரெஸ்லி ஆகியோரையே அது குறித்ததாகக் கொள்ளப்பட்டது. இவர்களுள் ஓமர் சோமாலியாவில் பிறந்தவர்; ஏனைய மூவரும் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். ‘திரும்பு’ என்னும் வினை, செல்பவர் முன்னர் அவ்விடத்திலிருந்து வந்தவர் என்னும் முற்கோளைக் கொண்டது. ஏவலை மறுக்கலாம், முற்கோள் மறுப்பிலும் நிலைபெறும். ‘அவர்கள் திரும்பிச் செல்லத் தேவையில்லை’ என மறுப்பவரும், அவர்கள் வேறிடத்திலிருந்து வந்தவர்கள் என்பதை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். பிறப்பால் ஆங்கிலேயர் ஆக முடியாது எனப் பவல் 1968 நவம்பரில் ஈசுட்போர்னில் கூறியது இதே முற்கோளின் வெளிப்படையான வடிவமே.

6. அவை மரபும் பெயர்சூட்டலும்

சட்டமன்றங்களின் மறுமொழிகளில் மூன்று வகைகள் காணப்படுகின்றன.

ஒன்று, எதிர்வசை. 1964 பொதுத்தேர்தலில் சுமெதிக் தொகுதியில் இனவெறி முழக்கங்கள் ஒலித்த பிரசாரத்துக்குப் பின் பீட்டர் கிரிஃபித்ஸ் வென்றார். பிரதமர் அரால்டு வில்சன் அவரைப் பாராளுமன்றத் தொழுநோயாளி எனக் குறித்தார். எதிர்க்கட்சியினர் கொதித்தெழுந்தனர். அறச்சீற்றம் பொருந்திய அச்சொல் ஒரு பிணியாளர் கூட்டத்தை இழிவின் அளவுகோலாக்கியது. ஒரு குழுவை விலக்கியதைக் கண்டிக்க மற்றொரு விலக்கப்பட்ட குழுவின் பெயர் கருவியாயிற்று. இனவெறிப் பேச்சின் இலக்கணத்தையே அம்மறுமொழியும் பின்பற்றியது எனலாம்.

இரண்டு, பெயர் சுட்டாமை. 1996 செப்டம்பர் 10ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் பாலின் ஆன்சன் ஆசியர் குடியேற்றத்தை எதிர்த்து முதலுரை ஆற்றினார். அக்டோபர் 30ஆம் நாள் கீழவை இன, நிற வேறுபாடின்றி எல்லோரும் சமம் என்னும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. தீர்மானத்தில் அவர் பெயரோ உரையோ இடம்பெறவில்லை. மங்கல வழக்கின் பாற்பட்ட இம்மறுமொழி எவரையும் பிணைக்காத ஒன்றாக அமைந்தது.

மூன்று, பெயர்சூட்டல். இங்குத்தான் அவை மரபு ஒரு முரணை வெளிப்படுத்துகிறது. 2019 சூலை 16ஆம் நாள் அமெரிக்கக் கீழவை, டிரம்பின் கூற்றுகளைக் கண்டிக்கும் தீர்மானத்தை 240க்கு 187 என்னும் வாக்குகளால் நிறைவேற்றியது. தீர்மானத்தின் வாசகத்தில் ‘இனவெறிக் கூற்றுகள்’ என்னும் தொடர் உள்ளது. ஆனால் விவாதத்தில் அவைத்தலைவர் நான்சி பெலோசி அக்கூற்றுகள் இனவெறி சார்ந்தவை எனக் கூறியது விதிக்கு மாறானது என முடிவு செய்யப்பட்டது. தாமசு செஃபர்சன் தொகுத்த நடைமுறைக் கைந்நூலை ஒட்டிய மரபு குடியரசுத் தலைவரைப் பற்றிய அத்தகைய சொல்லைத் தடுக்கிறது. அச்சொற்களைக் குறிப்பிலிருந்து நீக்க அவை மறுத்துவிட்டமை வேறு செய்தி. 2020 சூன் 17ஆம் நாள் கனடாக் கீழவையில், காவல்துறையின் அமைப்புசார் இனவெறி பற்றிய தீர்மானத்துக்கு இசைவளிக்க மறுத்த ஓர் உறுப்பினரை இனவெறியர் எனக் கூறி, மன்னிப்புக் கோர மறுத்த சக்மீத் சிங் அன்றைய அமர்விலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அவை மரபு உறுப்பினரின் மதிப்பைக் காப்பதற்காக அமைந்தது. அவைக்கு வெளியே உள்ள மக்கள் கூட்டத்தின் மதிப்பு அதன் எல்லைக்குள் எளிதில் வருவதில்லை. எனவே ஓர் இனத்தைப் பொதுப்படப் பழிக்கும் கூற்று விதிக்கு உட்பட்டதாகவும், அதனைப் பழிப்பு எனச் சுட்டும் பெயரடை விதிக்கு மாறானதாகவும் அமைகின்றன.

இந்தியாவில் அரசமைப்பின் 105ஆம் உறுப்பு அவையுரைக்கு நீதிமன்ற நடவடிக்கையினின்றும் காப்பளிக்கிறது; தகாச் சொற்களை அவைத்தலைவர் குறிப்பிலிருந்து நீக்கலாம். 2023 செப்டம்பர் 21ஆம் நாள் மக்களவையில் ஓர் உறுப்பினர் மற்றோர் உறுப்பினரை அவரது சமயத்தைச் சுட்டி இழித்துரைத்த சொற்கள் அவ்வாறு நீக்கப்பட்டன. அதற்குள் நேரலைப் பதிவு நாடெங்கும் பரவியிருந்தது. நீக்கம் அவையின் மாண்பைக் காக்கலாம்; இழிவுரையின் சான்றை அவையின் ஏட்டிலிருந்தே அது அகற்றிவிடுகிறது. அவைக்குறிப்பை மட்டும் நம்பும் வருங்கால ஆய்வாளர்க்கு அன்று என்ன நிகழ்ந்தது என்பது விளங்காது. இடக்கரடக்கல் நிறுவனமயமாகும்போது மறதியாகிறது.

7. தமிழ்ச் சொல்லாட்சி

மறுத்துரைக்கும் சொற்களும் ஆராயத்தக்கன. தமிழகத்தில் ‘இனவெறி’ பெருவழக்காக உள்ளது. இலங்கையில் ‘இனவாதம்’ வழங்குகிறது. ‘வெறி’ என்னும் உறுப்பு குற்றத்தைப் பேசுபவரின் மனநிலையில் நிறுத்துகிறது. மனநிலையை மறுப்பது எளிது. 2019இல் டிரம்ப் தம் உடலில் இனவெறி எலும்பு ஒன்றும் இல்லை என்றது இவ்வகை மறுப்பே. ‘வாதம்’ என்னும் உறுப்போ குற்றத்தைக் கொள்கையில் நிறுத்துகிறது. அவரோ இவ்விரண்டும் இன்றியே, பழக்கத்தால் ஓர் இனத்தை விலக்கிப் பேசக்கூடும். கூற்றைக் குறிக்க ‘இன இழிவுரை’ போன்ற தொடரும், விளைவைக் குறிக்க ‘இனப்பாகுபாடு’ என்பதும் தனித்தனியே ஆளப்படின் மறுமொழி துல்லியம் பெறும். இதனால் ‘இனவெறி’ என்னும் சொல்லைக் கைவிடவேண்டும் என்பது கருத்தன்று. ‘இனம் தொடர்பான சர்ச்சைக்குரிய பேச்சு’ என்பது போன்ற மழுப்பல் தொடர்கள் அதனினும் தீயவை. இனவெறி எனத் தெளிந்த இடத்தில் மழுப்பல் தொடர்களைத் தவிர்க்குமாறு அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேடு 2019இல் அறிவுறுத்தியது இங்கு நினைக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர் தாமே இழிவைச் சேர்க்கும் இடமும் உண்டு. குடியேறியவரைக் குறிக்கும் நடுநிலையான ஆங்கிலச் சொல்லை ‘வந்தேறி’ எனப் பெயர்க்கும்போது மூலத்தில் இல்லாத வெறுப்பு தமிழில் புகுகிறது. தமிழ் அரசியல் மேடைகளில் பிறமொழியாளரைச் சுட்டும் வசையாக அச்சொல் வழங்குகிறது. வடமாநிலத் தொழிலாளரைக் குறிக்கும் ‘வடக்கன்’ என்பதும் மரியாதை ஒருமை விகுதியை இழந்த வடிவமே. பிறநாட்டு அவைகளின் இழிவுரையை ஆராயும் கருவி தன்மொழிக்கும் பொருந்துவதாக அமைதல் வேண்டும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சொல்லை மறைத்தல், எதிர்வசை கூறுதல், பேசியவருக்குப் பெயர் சூட்டுதல் ஆகிய மூன்றும் இனவெறிப் பேச்சின் மேற்பரப்பையே தொடுகின்றன என்பது புலனாகும். கூற்றின் எழுவாயை வினவுதல், முற்கோளை வெளிக்கொணர்தல், இரவல் குரலுக்குப் பொறுப்பேற்கச் செய்தல் ஆகியவை அதன் கட்டமைப்பைத் தொடுகின்றன. இவ்வாறு பகுத்துரைப்பது கண்டனத்தின் சூட்டைத் தணித்துவிடும் எனக் கூறுவாரும் உளர். இனவெறி எனப் பெயரிடுவது தீர்ப்பு. பகுத்துரைப்பது அத்தீர்ப்புக்கான சான்று. சான்றில்லாத தீர்ப்பை அவைகள் எளிதில் விதிகாட்டித் தள்ளுகின்றன.

இழிசொல்லை அப்படியே பெயர்ப்பது அதனைப் பரப்புவதாகாதா என்னும் ஐயமும் நியாயமானதே. செய்தியின் தேவைக்கு ஒருமுறை, கூறியவர் பெயருடன், ‘என்று’ என்னும் எல்லைக்குள் வழங்குவது சான்றாகும். தலைப்பில் ஏற்றிப் பலமுறை வழங்குவது பரப்புதலாகும். தன்மைப் பன்மையைப் பொறுத்தவரை தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு வாய்ப்பும் ஒரு பொறுப்பும் உள்ளன. மக்கள் பிரதிநிதி ஒருவர் நாட்டின் பெயரால் பேசும் ஒவ்வொரு முறையும் அவர் கூறுவது ‘நாம்’ என்பதா ‘நாங்கள்’ என்பதா என முடிவு செய்தே தமிழில் ஒரு வாக்கியம் எழுதமுடியும். அம்முடிவைக் கருத்தின்றிச் செய்யாதிருத்தல் மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.